குளிர்காலம் தனி, கோடை தனி

கூலிம்
11 பிப்ரவரி 2024

சசி,

இனிமேல் வீடியோ காலில் வரமாட்டேன். கோபத்தில் சொல்வதாக நினைக்காதே. கோபம் இருக்கிறதுதான், அதற்காக மட்டும் இல்லை.

நீ கூப்பிட்டதும் கைப்பேசியைப் பாப்பா முகத்துக்கு நேரே பிடிக்கிறேன். "யுவேதா, அப்பா பாரு, அப்பா பாரு" என்கிறாய். இரண்டு மாதப் பிள்ளை மின்விசிறியைப் பார்க்கிறது. உனக்கு என் கட்டைவிரல் மட்டும் தெரியும். "எப்படி இருக்கா?" "நல்லா இருக்கா." "நீ?" "நல்லாதான் இருக்கேன்." அதற்குள் உன் மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்துவிடுகிறது. வைத்த பிறகு, நாம் இரண்டு பேரும் பேசினோமா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

அதனால் எழுது. மின்னஞ்சல்தான், ஆனால் கடிதமாக எழுது. ஊர் போட்டு, தேதி போட்டு. நானும் எழுதுகிறேன். எழுதும்போது மட்டும்தான் நான் யாரையும் தோளில் போட்டுக்கொண்டு நிற்பதில்லை.

ஆறு வாரம் இருப்பேன் என்று வந்தாய். மூன்றாவது வாரமே, ஆராய்ச்சிக் குழு கூடுகிறது, முடிவுகளை நேரில் காட்ட வேண்டும் என்றாய். நான் "சரி, போ" என்றேன். நீ பெட்டியைக் கட்டினாய். இதைச் சொல்லிக் காளி அண்ணனிடம் அழுதால், பட்டறையிலிருந்து எண்ணெய்க் கையோடு வந்தவர் அப்படியே நின்று, "நீதானே போகச் சொன்ன? இப்ப வந்து மூக்கச் சிந்துனா எப்படிலா? மாப்பிள்ள என்ன ஜோசியக்காரனா?" என்கிறார். கூடப்பிறந்த அண்ணன். அவர் வீட்டில் தங்கி அண்ணி சமைப்பதைத் தின்றுகொண்டு அவரோடு சண்டையும் போட முடியவில்லை.

பாப்பாவைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். நர்ஸ் மிஸ்ஸி எடை பார்த்துவிட்டு, "ஒரு மாசம் முன்னாடி பொறந்தது, கொஞ்சம் சின்னதாதான் இருக்கும், பரவால்ல" என்றார். பரவாயில்லை என்றால் என்ன அர்த்தம் சசி? தூங்கும்போது மூக்கின் முன்னால் விரலை வைத்துப் பார்க்கிறேன். காற்று வருகிறது. நகர்ந்து போகிறேன். இப்போது வருகிறதா என்று திரும்பி வருகிறேன்.

ஒன்று கேட்கிறேன். நீ அங்கே என்னதான் செய்கிறாய்? எனக்குத் தெரியும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். பாசாரில் மீன் விற்கும் ஆன்ட்டி கேட்டார், "புருசன் வெளிநாட்டுல என்னா வேல?" பனியாற்றைக் கணக்குப் போடுகிறார் என்றேன். "ஓ, ஐஸ் கம்பெனியா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஷாமளா

(அத்தை முன்னால் உன்னை 'நீங்க' என்றுதான் சொல்வேன். கடிதத்தில் 'நீ'தான். மாற்ற முடியாது.)


இன்ஸ்புருக்
18 பிப்ரவரி 2024

ஷாமு,

உன் அண்ணன் என் பக்கம் என்பது எழுத்தில் வந்துவிட்டது. பத்திரமாக வைத்துக்கொள்கிறேன்.

ஐஸ் கம்பெனி என்று சொன்னது ரொம்பத் தப்பில்லை. என் கணினிக்குள் ஒரு மலை இருக்கிறது. கணக்கு நோட்டுத் தாள் மாதிரி அதைச் சதுரம் சதுரமாக வகுத்திருக்கிறேன். ஒவ்வொரு சதுரத்திலும் மூன்றே கேள்வி. எவ்வளவு பனி விழுந்தது, எவ்வளவு உருகியது, எவ்வளவு கீழ்ச் சதுரத்துக்கு வழிந்தது. பனியாறு நிற்பதாகத்தான் தெரியும்; உண்மையில் அது இறங்கிக்கொண்டே இருக்கிறது. என்னுடையது சின்னது, சோம்பேறி. வருடத்துக்கு ஒரு பஸ்ஸின் நீளம் நகரும்.

எதிர்காலத்தைக் காட்டு என்று எடுத்தவுடன் இந்தக் கணினி மாடலிடம் கேட்க முடியாது. முதலில் பழைய பனியைச் சேர்க்க வேண்டும். வெறும் பாறையில் தொடங்கி முன்னூறு வருடம் பனி பெய்யவிடுகிறேன். கீழே போய் ஒரு காப்பி குடித்துவிட்டு வருவதற்குள் முன்னூறு குளிர்காலங்கள் போயிருக்கும். கதவைத் திறந்தால் திரையில் பள்ளத்தாக்கு வெள்ளையாக நிறைந்திருக்கும். யார் கண்ணும் படாத பனி. சில நாள் எதையும் தொடாமல் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பாடாங் செராயில் லயத்து வீட்டில் பிறந்தவனுக்கு இது எப்படி வாய்த்தது என்று தோன்றும்.

பிறகுதான் வெப்பத்தை ஏற்றுவேன். இன்று உருகும் நுனி இன்றைய வெயிலால் மட்டும் உருகவில்லை ஷாமு. பல வருடங்களுக்கு முந்திய கோடைகளுக்கும் சேர்த்து இப்போதுதான் பதில் சொல்கிறது. பனியாறு எதையும் தாமதமாகத்தான் புரிந்துகொள்ளும். (என்னை மாதிரி என்று நீ சொல்வாய். நானே சொல்லிவிட்டேன்.)

என் மாடலின்படி இந்தப் பனியாற்றின் கடைசித் துண்டு 2051இல் போய்விடும். மற்றவர்கள் சொன்னதைவிட மிக முன்னால். அதனால்தான் இங்கே எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அப்போது பாப்பாவுக்கு இருபத்தேழு வயது.

இதையும் சொல்ல வேண்டும். இந்த முடிவை வைத்துப் பேராசிரியர் ஒரு பெரிய திட்டம் போட்டிருக்கிறார். எனக்கு இன்னும் மூன்று வருட வேலை தருகிறார். ஜூன் மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். நான் எதுவும் சொல்லவில்லை. நீயும் பாப்பாவும் இங்கே வந்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

மிஸ்ஸி சொன்ன பரவாயில்லைக்கு பரவாயில்லை என்றுதான் அர்த்தம்.

சசி


கூலிம்
2 மார்ச் 2024

சசி,

மூன்று வருடத்தைக் கடிதத்தின் கடைசியில் வைத்தாய். பனியை முதலில் வைத்தாய். கவனித்தேன்.

நான் சம்பளமில்லாத விடுப்பில் இருக்கிறேன், வேலையை விட்டுவிடவில்லை. செப்டம்பரில் திரும்பிப் போக வேண்டும். நாலு வருடம் கம்பெனி பஸ்ஸில் தூங்கி எழுந்து, ஷிப்ட் மாறி மாறி, மின்சுற்றுப் பலகைகளைச் சூடாக்கி ஒட்டும் ஓவன் பிரிவுக்குப் பொறுப்பு இன்ஜினியர் என்று ஆனேன். அதை "வந்துவிடலாம்" என்று ஒரு சொல்லில் தாண்டிவிட்டாய். குணசுந்தரி அக்கா இப்போதும் லைனிலிருந்து எனக்குச் செய்தி அனுப்புகிறார். "எப்பம்மா வர்ற? புதுசா வந்தவன் ஓவனப் பாத்தாலே பயப்படறான்லா." அதைப் படிக்கும்போது எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. இங்கே பாப்பாவைப் பார்த்து நான் பயப்படுகிறேன். அங்கே ஓவன் என்னைப் பார்த்து அடங்கியிருந்தது.

உன் ஊர்க் குளிரில் இந்தப் பிள்ளையின் நெஞ்சு என்ன ஆகும்? அதையும் சதுரம் போட்டுக் கணக்குப் பார்த்தாயா?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மதியத்தில் பாப்பா பக்கத்திலேயே கண்ணயர்ந்தேன். ஜெராய் மலையிலிருந்து பனியாறு இறங்கி வருகிறது. சத்தமே இல்லை. வருடத்துக்கு ஒரு பஸ் நீளம் என்று நீ எழுதினாயே, அந்த வேகத்தில்தான் வருகிறது, ஆனால் நான் எல்லா வருடத்தையும் ஒரே நேரத்தில் பார்க்கிறேன். கடைத்தெருவில் இரண்டு வரிசைக் கடைகளுக்கு நடுவே நுழைகிறது. யாரும் ஓடவில்லை. நாசி கண்டார் கடைக்காரர் மேசைகளைக் கொஞ்சம் உள்ளே இழுத்துப் போடுகிறார். மோட்டார்சைக்கிள்கள் ஒதுங்கிப் போகின்றன. பனிக்கு உள்ளே நீல வெளிச்சம், அதற்குள் நீ உட்கார்ந்து கணினியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். பாப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தட்டுகிறேன். திரும்பாமல் ஒரு விரலை உயர்த்துகிறாய், ஒரு நிமிஷம் என்று.

விழித்தபோது அழவில்லை. குளுமையாக இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இருபத்தேழு என்று எழுதாதே. அது என் வயது.

ஷாமளா


இன்ஸ்புருக்
7 ஏப்ரல் 2024

ஷாமு,

ஒரு மாதம் எழுதவில்லை. என்ன எழுதினாலும் மூன்று வருடத்தில்தான் போய் முட்டும் என்று இருந்துவிட்டேன். இங்கே எல்லாம் நல்லபடி. 2051 பற்றி எழுதிய கட்டுரை கிட்டத்தட்ட ஏற்கப்பட்டுவிட்டது. சாப்பாடு பழகிவிட்டது. மே மாதம் முதல் தடவையாக என்னையும் பனியாற்றின் மேலே கூட்டிப்போகிறார்கள். இரண்டு வருடமாக அதைத் திரையில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன் என்றால் சிரிப்பாய்.

பாப்பா எப்படி இருக்கிறாள்?

சசி


கூலிம்
20 ஏப்ரல் 2024

சசி,

பாப்பா நன்றாக இருக்கிறாள். சளி பிடித்தது, இப்போது தேவலை. நானும் நன்றாக இருக்கிறேன். வெயில்தான் தாங்கவில்லை.

மேலே போகும்போது பார்த்துப் போ.

ஷாமளா


இன்ஸ்புருக்
12 மே 2024

ஷாமு,

மேலே போய் வந்தேன். முகம் முழுவதும் தோல் உரிகிறது. பெரிதாக ஒன்று நடந்துவிட்டது. அதை ஒழுங்காகச் சொல்ல வேண்டும்.

முதலில் இடம். நீ கனவில் கண்டது சரி, சத்தமே இல்லை. ஆனால் காதைப் பனியில் வைத்தால் வெகு ஆழத்தில் எங்கோ தண்ணீர் போகிறது. என் மாடலில் சத்தம் கிடையாது. நாள் முழுவதும் யாரோ தூங்குகிற அறையில் நடப்பது போலவே மெதுவாக நடந்தேன்.

இந்த வருடம்தான் குளிர்காலப் பனியைத் தனியாக அளக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அதுவரை எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் வருட முடிவின் மொத்தம்தான். இந்த வருடம் இவ்வளவு இழந்தது, போன வருடம் அவ்வளவு இழந்தது என்று. அந்த மொத்தத்தோடு என் மாடல் அச்சாகப் பொருந்தியது. அதற்குத்தான் எல்லாரும் கைதட்டினார்கள்.

புதிய பனியில் குழி வெட்டினோம், அடியில் பழைய ஐஸ் தட்டும்வரை. என் மாடலின்படி அந்த இடத்தில் என் தலைக்கு மேலே இன்னொரு ஆள் நிற்கிற ஆழம் இருக்க வேண்டும். மண்வெட்டி கணீரென்று ஐஸில் பட்டபோது குழி என் நெஞ்சளவுதான் இருந்தது. வேறு இடத்தில் வெட்டினோம். அங்கும் நெஞ்சளவு. கூட வந்த ஆராய்ச்சி மாணவி சிரித்தாள். "பனியே இல்லாத ஊர்க்காரர் இல்லையா, ஆசையில் அதிகமாகக் கொட்டிவிட்டீர்கள்" என்றாள். நானும் சிரித்தேன். இறங்கும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

விஷயம் இதுதான். மாடலில் நான் பனியை இரண்டு மடங்குக்கு மேல் பெய்யவிட்டிருக்கிறேன். மொத்தம் பொருந்த வேண்டும் என்பதற்காக, உருகுவதையும் அதே அளவுக்கு ஏற்றிவிட்டிருக்கிறேன். இரண்டும் தவறு. ஒன்றை ஒன்று கழித்துக்கொண்டு விடை மட்டும் சரியாக வந்தது. குளிர்காலத்தைத் தனியாகவும் கோடையைத் தனியாகவும் நான் ஒருநாளும் பார்க்கவில்லை.

சரிசெய்து ஓட்டினேன். நிறையப் பெய்து நிறைய உருகும் பனியாறு, வெப்பம் கொஞ்சம் ஏறினாலே பதறிவிடும். குறைவாகப் பெய்து குறைவாக உருகுவது நிதானமாகக் கரையும். 2051 இல்லை. 2070ஐத் தாண்டுகிறது. போகத்தான் போகிறது, ஆனால் நான் சொன்ன வேகத்தில் இல்லை.

நல்ல செய்திதானே என்பாய். பேராசிரியரின் திட்டம், என் மூன்று வருட வேலை, கட்டுரை, எல்லாம் 2051இன் மேல் நிற்கின்றன. நான் சொன்னால் இடிந்துவிடும். "பார், இவர்கள் பயமுறுத்துகிறார்கள்" என்று சொல்லக் காத்திருப்பவர்களுக்கும் நானே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. குளிர்கால அளவு ஒரே வருடத்துக்குத்தான் இருக்கிறது. இந்த வருடம் பனி குறைவு என்று சொல்லிச் சமாளிக்கலாம். மொத்தம் இப்போதும் பொருந்துகிறது.

நீ என்ன சொல்கிறாய்?

சசி


கூலிம்
21 மே 2024

சசி,

படித்து முடித்ததும் "சொல்லிவிடு" என்று ஒரே வார்த்தை எழுதினேன். அனுப்பாமல் அழித்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறு.

உன் தவறு எனக்குப் புதிதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த வருடம், ஓவனின் வெப்பமானி குறைத்துக் காட்டிக்கொண்டிருந்தது. உள்ளே உண்மையில் சூடு அதிகம். பெல்ட்டும் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. சூடு அதிகம், உள்ளே இருக்கும் நேரம் குறைவு. பலகைகள் முத்துமுத்தாக வெளியே வந்தன. ஒருநாள் யாரோ நல்ல எண்ணத்தில் பெல்ட்டின் வேகத்தை மட்டும் சரிசெய்தார்கள். அந்த லாட் முழுவதும் கருகிவிட்டது. குணசுந்தரி அக்கா கருகின பலகையைத் தூக்கிக் காட்டி, "இத்தன நாளா நல்லா வந்துச்சே, அப்பவே எனக்குச் சந்தேகம்லா" என்றார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். பிறகுதான் வெப்பமானியைக் கழற்றிச் சோதித்தோம்.

அதனால் நீ கேட்டதற்குப் பதில் தெரியும். ஆனால் என்னால் சொல்ல முடியவில்லை. நீ சொன்னால் உன் வேலை போகும். வேலை போனால் நீ வீட்டுக்கு வருவாய். நான் உன்னிடம் உண்மை பேசச் சொல்வது உண்மைக்காகவா, நீ வருவதற்காகவா என்று எனக்கே தெரியவில்லை. என் ஆசையும் சரியான பதிலும் ஒரே எண்ணைக் காட்டுகின்றன. இப்படிப் பொருந்தினால் நம்பக்கூடாது என்று இப்போதுதானே நீ எழுதினாய்.

அதனால் இரண்டையும் தனித்தனியாக வைக்கிறேன்.

ஒன்று. இன்ஜினியராகச் சொல்கிறேன், சொல்லிவிடு. நீ திரும்பி வரவே முடியாது என்றாலும் இதையேதான் சொல்வேன். பனியாறு எப்போது போகும் என்பதை யாரும் தவறான தேதியிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டாம்.

இரண்டு. நீ வர வேண்டும். உன் வேலை போக வேண்டும் என்று கோயிலில் நின்று வேண்டிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் வேண்டிக்கொண்டேன்.

இன்னொன்று. ஏப்ரலில் பாப்பாவுக்குச் சளி என்று எழுதினேன். சளி இல்லை. காய்ச்சல் ஏறி, கண் சொருகி, கை கால் உதறியது. காளி அண்ணன் பட்டறையில் இருந்த யாருடைய காடியையோ எடுத்து வந்து, சிவப்பு விளக்கில்கூட நிற்காமல் ஓட்டினார். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். அவள் கையில் ஊசி குத்தி, சின்னப் பலகை வைத்துக் கட்டியிருந்தார்கள். மூச்சு வருகிறதா என்று விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். டாக்டர், "குழந்தைகளுக்குச் சில சமயம் இப்படி வரும், பயப்படாதீங்க, நல்லாயிருவா" என்றார். இப்போது உண்மையாகவே நன்றாக இருக்கிறாள், குப்புறக் கவிழ்கிறாள், எச்சில் ஊதுகிறாள்.

நீ மேலே போகும் சமயத்தில் பதறக்கூடாது என்று மறைத்தேன். அப்படித்தான் என்னிடமே சொல்லிக்கொண்டேன். உண்மையில், சொல்லியும் நீ வராமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்றுதான் சொல்லவில்லை.

ஷாமளா


இன்ஸ்புருக்
4 ஜூன் 2024

ஷாமு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஆற்றங்கரையில் ரொம்ப தூரம் நடந்தேன். உன்மேல் கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. அந்தக் காடியில் நான் இல்லை. அது வேறு எதனாலும் ஈடுகட்ட முடியாத தனிக் கணக்கு. அதை எதனாலும் கழிக்கப் போவதில்லை.

நானும் ஒன்றை மறைத்தேன். "எல்லாம் நல்லபடி" என்று எழுதின மாதம், பல நாள் அலுவலகத்துக்கே போகவில்லை. பள்ளத்தாக்கு நிறைவதைத் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தேன், முன்னூறு வருடம், மறுபடி முன்னூறு வருடம். எதிர்காலத்தை ஓட்டவே இல்லை. பழைய பனி சேர்ந்துகொண்டிருக்கும்வரை எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை.

குழுக் கூட்டத்தில் சொல்லிவிட்டேன். குழியின் படத்தைப் போட்டேன், மண்வெட்டி, நெஞ்சளவில் நான். பிறகு இரண்டு தவறையும் போட்டேன். பேராசிரியர் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே பினாங்குக்கு டிக்கெட் எந்தத் தேதியில் மலிவாக இருக்கும் என்று யோசித்தேன். திரும்பி, "கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள். இப்போதுதான் நமக்கு உண்மையான வேலை தொடங்குகிறது" என்றார்.

நீ வேண்டிக்கொண்டபடி நடக்கவில்லை ஷாமு. வேலை போகவில்லை. இந்தத் தவறு வேறு எத்தனை மாடல்களில் ஒளிந்திருக்கிறது என்று தேடுவதுதான் இனி திட்டமாம். அதற்கு நான் வேண்டுமாம். அதே மூன்று வருடம், அதே ஜூன் கடைசி.

நீ செய்தது மாதிரியே நானும் தனித்தனியாக வைக்கிறேன். இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. முன்னைவிட இப்போது இன்னும் பிடித்திருக்கிறது. உங்களை விட்டு இன்னொரு ஏப்ரல் என்னால் முடியாது. இரண்டும் உண்மை. கூட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. உன் கடிதம் வராமல் கையெழுத்துப் போடமாட்டேன்.

சசி


கூலிம்
16 ஜூன் 2024

சசி,

கோயிலுக்குப் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தேன். பிறகு தொழிற்சாலைக்குப் போனேன்.

பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு மேலாளர் முன்னால் உட்கார்ந்தேன். விடுப்பை மார்ச் வரை நீட்டித் தருகிறார். அதற்கு மேல் ஒரு நாளும் முடியாது என்றார். வெளியே குணசுந்தரி அக்கா பாப்பாவை வாங்கிக்கொண்டு, "ஐஸ் மலைக்கா போற, தங்கம்? போயிட்டு வந்து அக்காகிட்ட ஓவன் பாரு, சூடா இருக்கும்" என்றார். நான் இன்னும் முடிவே செய்யவில்லை. அவர் செய்துவிட்டார்.

கையெழுத்துப் போடு.

செப்டம்பரில் நாங்கள் வருகிறோம். மார்ச்சில் நான் என் ஓவனுக்குத் திரும்புகிறேன், பாப்பா என்னோடு வருவாள். அப்போது நீயும் எங்களோடு கிளம்பி வந்து இங்கிருந்து மாடலை ஓட்ட வேண்டும். மலைக்கு அளக்கப் போகும்போது மட்டும் அங்கே போய் வா. கணினிக்கு நீ கூலிமில் உட்கார்ந்திருப்பது தெரியாது. பேராசிரியரிடம் கேள். கேட்பதற்கு முன்னாலேயே அவர் மாட்டார் என்று நினைத்துக்கொள்ளாதே.

பயங்களையும் சொல்லிவிடுகிறேன். குளிர். அவள் நெஞ்சு. மறுபடி காய்ச்சல் வந்தால், மொழி தெரியாத ஊரில் எந்தக் காளி அண்ணன் காடி எடுத்து வருவார்? அப்புறம் நான். ஒரு சின்ன அடுப்படியில் நின்று நீ வரும் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆளாக ஆகிவிடுவேனோ என்று. எதுவும் குறையவில்லை. எல்லாவற்றோடும்தான் வருகிறேன்.

பாஸ்போர்ட் படம் எடுக்க பட்ட பாட்டைத் தனியாக எழுத வேண்டும். கண் திறந்திருக்க வேண்டுமாம், வாய் மூடியிருக்க வேண்டுமாம், தூக்கிப் பிடிக்கிறவர் கை தெரியக்கூடாதாம். அண்ணி வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு நாற்காலியாக உட்கார்ந்தார். காளி அண்ணன் கேமராவுக்குப் பின்னால் நின்று கோழி மாதிரி கத்தினார். படத்தில் அவள் உலகத்திலேயே எதையும் நம்பாதவள் மாதிரி முறைக்கிறாள்.

அவசரமாக ஒன்று தெரிய வேண்டும். அவளுக்கு ஸ்பிரிங் தொட்டில் இல்லாமல் தூக்கமே வராது. உன் வீட்டில் கொக்கி மாட்ட உத்தரம் இருக்கிறதா? வீட்டுக்காரர் விடுவாரா? கேட்டு எழுது.

ஷாமளா


இன்ஸ்புருக்
25 ஜூன் 2024

ஷாமு,

கையெழுத்துப் போட்டேன். போடுவதற்கு முன், கூலிமிலிருந்து மாடலை ஓட்டலாமா என்று கேட்டேன். முதல் வருடத்துக்குச் சரி என்கிறார் பேராசிரியர். அதன் பிறகு பார்க்கலாம் என்றார். அந்தப் "பார்க்கலாம்" எனக்கும் முழுதாகப் புரியவில்லை. புரிந்த மாதிரி எழுதமாட்டேன்.

உத்தரம் இல்லை. கூரையில் துளை போடக்கூடாது என்று வீட்டுக்கார அம்மாள் சொல்லிவிட்டார். தொட்டில் என்று நான் கையால் ஆட்டிக் காட்டியதும், ஊஞ்சலா, குரங்கு வளர்க்கப் போகிறாயா என்று கேட்டார். கைலியைக் கொண்டுவந்து விளக்கினேன். அவரே போய் உடற்பயிற்சிக்காரர்கள் கதவுச் சட்டத்தில் மாட்டும் இரும்புக் கம்பி ஒன்றை எங்கிருந்தோ வாங்கி வந்தார். படுக்கையறைக் கதவில் மாட்டினோம். ஸ்பிரிங் கடை கடையாகத் தேடியும் கிடைக்கவில்லை. நீ வரும்போது கொண்டு வா. இப்போதைக்குக் கைலியை மட்டும் முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறேன்.

தாங்குமா என்று தெரிய வேண்டுமே. பாப்பாவின் எடையைவிட அதிகமாக உருளைக்கிழங்கை அளந்து கைலிக்குள் போட்டேன். அம்மாள் ஒருமுறை ஆட்டினார். நான் ஒருமுறை ஆட்டினேன். கம்பி முனகவில்லை. பிறகு இரண்டு பேரும் எதற்கென்று தெரியாமல் மெதுவாகப் பேசத் தொடங்கினோம்.

அவர் போய்விட்டார். ஜன்னலுக்கு வெளியே மலையில் இன்னும் வெயில் இருக்கிறது. இதை எழுதிக்கொண்டே இடது காலால் கைலியின் நுனியை இழுத்து விடுகிறேன். கிழங்குகள் நன்றாகத் தூங்குகின்றன.

சசி